சென்னையில் அன்று இரண்டு மாநாடு

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை. அன்று சென்னையில் இரண்டு மாநாடு நடந்தது. ஒன்றில் பேசியவர்கள் இரண்டே பேர்: பிரதமர் மோடி, சீன அதிபர் ஷி ஜின்பிங். அவர்கள் பேசுவதற்காக வழியெங்கும் வாழைமரம் கட்டினார்கள். மாமல்லபுரம் ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் காய்கறியையும் பழத்தையும் அடுக்கியே ஒரு வரவேற்பு வளைவு எழுப்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஷி ஜின்பிங் முகமூடி மாட்டி உட்காரவைத்தார்கள். இன்னொரு மாநாடு நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். பைத்தான் என்ற கணினி மொழியில் புழங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடும் 'பைகான் இந்தியா'. 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கியது, ஊர் ஊராகப் போய் அந்த வருஷம் சென்னைக்கு வந்திருந்தது. இதற்கு யாரும் வாழைமரம் கட்டவில்லை.

நான் போனது இரண்டாவதற்கு. இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம், அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் இன்றைக்கும் நாலைந்து பேர் நான் போனது முதலாவதற்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அப்போது மூன்றாம் வருஷம் சிவில் இன்ஜினீயரிங். கொத்தனாருக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே எல்லாப் பிரிவுக்கும் பைத்தானை வைத்துவிட்டது. சிவில், மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் யாரும் தப்பவில்லை. நாங்கள்தான் அதற்கு முதல் செட். லேப்பில் ஒரு வரிசையாகச் சோதனைகள்: மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடி, வர்க்கமூலம் கண்டுபிடி, பகா எண்களைப் பட்டியலிடு. கடைசிச் சோதனை, பைகேம் என்ற மென்பொருளை வைத்துத் திரையில் ஒரு பந்தைத் துள்ளவிடுவது.

எங்கள் லேப்பில் பந்து துள்ளவில்லை. ஏதோ ஒரு மென்பொருள் ஏறவில்லை என்றார்கள். ஆனால் பந்து துள்ளாததற்காக ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காமல் இருக்க முடியுமா? வலப்பக்கம் நீல மையில் நிரல் எழுதினோம். இடப்பக்கம் 'அவுட்புட்' என்று தலைப்பிட்டு, ஒரு கட்டம் போட்டு, உள்ளே பென்சிலால் ஒரு வட்டம் வரைந்தோம். பக்கத்து பெஞ்சுக்காரன் கொஞ்சம் ஓவியக்காரன். அவன் வட்டத்துக்குக் கீழே நிழலும் போட்டான். அவனுக்கு ஒரு மார்க் கூட. பைத்தானில் நான் எழுதி, என் கண்ணால் ஓடிப் பார்க்காத முதல் நிரல் அதுதான். அது எங்கேயாவது உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில்தான் மாநாட்டுக்குப் பணம் கட்டினேன்.

பணம் கட்டுவது சுலபம். ஓ.டி. வாங்குவதுதான் கஷ்டம். கல்லூரி வேலையாக வெளியே போகிறோம், வருகைப் பதிவில் வெட்டு விழக் கூடாது என்று துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தரும் அந்தக் காகிதத்தின் அருமை, எழுபத்தைந்து சதவீத வருகையின் விளிம்பில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கல்லூரிக்குச் சனிக்கிழமையும் உண்டு.

"சிவில்ல இருந்துக்கிட்டு அங்க போயி என்னய்யா பண்ணப் போற?" என்றார் எச்.ஓ.டி.

"சார், இப்ப பில்டிங் டிசைனெல்லாம் பைத்தான்லதான் சார்..."

"பில்டிங் கம்பியில நிக்குமா, பைத்தான்ல நிக்குமா?"

"கம்பியிலதான் சார்."

"பெறகு?"

பிறகு என்ன, நின்றேன். நிற்பது ஓ.டி. வாங்குவதில் முக்கியமான கட்டம். அவர் ஃபைல் பார்ப்பார், போன் பேசுவார், டீ குடிப்பார். நாம் நகரக் கூடாது. கடைசியில் நம்மை அப்புறப்படுத்துவதற்காகவே கையெழுத்துப் போடுவார். போட்டார். ஓரத்தில், 'திரும்பி வந்ததும் வகுப்பில் செமினார் எடுக்க வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதினார்.

வீட்டில் சொன்னது அதைவிடச் சுருக்கம். "சென்னையில ஒரு மாநாடுப்பா. பன்னெண்டு, பதிமூணு." அப்பா தறியில் இருந்தார். தலையை ஆட்டினார். அன்றைக்கு ராத்திரி செய்தியில், சென்னையில் பதினொன்று, பன்னிரண்டு தேதிகளில் மாநாடு என்று சொல்லிவிட்டார்கள். தேதியும் ஊரும் ஏறக்குறைய பொருந்துகிறது. அப்பா மறுநாள் டீக்கடையில், "நம்ம பய அங்கதான் போறான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. 'அங்க' என்றால் சென்னை. கேட்டவர்கள் அதை மாமல்லபுரம் வரை நீட்டிக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று எதிர்வீட்டுப் பெரியம்மா சாத்தூர் காராச்சேவு ரெண்டு பாக்கெட் கொடுத்து, "ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு அங்க யாருக்காச்சும் குடு" என்றார். அந்த யாருக்காச்சும் யார் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். என் ரூம்மேட் மெக்கானிக்கல். எங்கே சோறு போட்டாலும் வருவான். இன்னொருவன் கம்ப்யூட்டர் சயன்ஸ் டாப்பர். அவன் ஒரு கட்டு ரெஸ்யூமை லேமினேஷன் செய்யாத குறையாக பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ். பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கினோம். விடியற்காலையில் பெருங்களத்தூரில் வண்டி நின்றது. "எல்லாரும் எறங்கிக்கங்க. உள்ள சைனாக்காரன் இருக்கான், எப்ப நிறுத்துவாங்க, எப்ப விடுவாங்கன்னு தெரியாது" என்றார் டிரைவர். கோயம்பேடு வரை டிக்கெட் வாங்கியவர்கள் சண்டை போட்டார்கள். எங்களுக்குப் பெருங்களத்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் வித்தியாசம் தெரியாததால் சண்டை போடாமல் இறங்கி, மின்சார ரயில் பிடித்துப் பரங்கிமலை வந்தோம்.

ஷி ஜின்பிங் தங்கியிருந்தது கிண்டியில். அன்று காலை அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியாக, மோடியோடு பேசக் கோவளம் போகிறார். கத்திப்பாரா பக்கம் பத்தடிக்கு ஒரு காக்கிச் சட்டை. முதுகில் பை, கையில் காராச்சேவுப் பொட்டலம், கண்ணில் தூக்கத்தோடு காலங்காத்தாலே மூன்று பையன்கள் நடந்து வந்தால் நிறுத்தத்தானே செய்வார்கள்?

"எங்கப்பா?"

"மாநாட்டுக்கு சார்" என்றான் ரூம்மேட்.

அவர் எங்களை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் பார்த்தார். "எந்த மாநாட்டுக்கு?"

டாப்பர் முந்திக்கொண்டான். பைத்தான் என்றால் என்ன, அதை 1991இல் வெளியிட்டவர் யார், அந்தப் பெயர் பாம்பிலிருந்து வரவில்லை, மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது என்பது வரை ஒரே மூச்சில் சொன்னான். வைவா அவனுக்கு எங்கே வந்தாலும் வைவாதான். அவர் பொறுமையாகக் கேட்டார். பையைத் திறக்கச் சொன்னார். மூன்று லேப்டாப், ஒரு கட்டு ரெஸ்யூம், மாற்றுத்துணி. பொட்டலத்தைக் காட்டி, "இது?" என்றார். "சாத்தூர் சேவு சார்." அவர் முகம் மாறியது. "நமக்கு சிவகாசிப் பக்கந்தான்" என்றார். ராத்திரி பூரா நின்றிருக்கிறார் போல. பொட்டலத்தில் ஒன்று அங்கேயே நின்றுவிட்டது. பெரியம்மா சொன்ன 'யாருக்காச்சும்' கணக்கு அதோடு தீர்ந்தது. அவரே ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றியும் விட்டார்.

உள்ளே போனதும் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். பெயரும் கல்லூரியும் எழுதியிருக்கும். மாநாட்டில் யாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. முதலில் வயிற்றுக்கு நேரே தொங்கும் அட்டையைப் படிக்கிறார்கள், பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். என் அட்டையில் கல்லூரிப் பெயர் இருந்த இடத்தில் பார்வை அதிக நேரம் நின்றது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரியை உலகம் அவ்வளவு கவனித்துப் படித்தது அன்றைக்குத்தான்.

மண்டபத்து ஓரமெல்லாம் கம்பெனிகளின் கடை. கடை என்றால் விற்க மாட்டார்கள். கொடுப்பார்கள். ஸ்டிக்கர், பேனா, சாவிவளையம், கேள்விக்குப் பதில் சொன்னால் டீ-ஷர்ட். லேப்டாப் மூடியில் எத்தனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு பெரிய ஆள் என்பது அங்கே எழுதாத சட்டம். சிலருடைய லேப்டாப்பின் நிறம் என்ன என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. ரூம்மேட் அரை மணி நேரத்தில் இருபது வருஷ அனுபவசாலி ஆகிவிட்டான். அவன் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களில் ஒன்று ஏதோ தரவுத்தளத்துடையது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்து, "நீங்களும் இதுதான் யூஸ் பண்றீங்களா? ரெப்ளிகேஷன்ல பிரச்சினை வருதா?" என்று கேட்டார். இவன் யோசித்து, "வருது சார், சமாளிக்கிறோம்" என்றான். அவர் ஆறுதலாகத் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

டாப்பர் கடைகடையாக ஏறி இறங்கினான். எல்லோரும் சிரித்த முகமாக ஒரே பதிலைச் சொன்னார்கள்: ரெஸ்யூமை மெயிலில் அனுப்புங்கள். காகிதத்தை யாரும் வாங்குவதில்லை. சாயங்காலம் அந்தக் கட்டு மீதிக் காராச்சேவுக்குத் தட்டாகப் பயன்பட்டது. அவனுடைய பத்தாம் வகுப்பு மார்க் எண்ணெயில் பளபளத்ததைப் பார்த்தேன்.

இனி உரைகள். பேச வருகிறவர் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "இதை எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள்." தூக்காவிட்டால் அவமானம். தூக்கினால், எழுப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். இதற்கு ஒரு வழி இருக்கிறது. கையைத் தோள் உயரத்துக்கு மட்டும் தூக்க வேண்டும். அவர் கண் நம் பக்கம் வந்தால் அப்படியே மேலே கொண்டுபோய்த் தலையைச் சொறிந்துகொள்ளலாம். வராவிட்டால் தூக்கியதாகவே கணக்கு. முதல் உரையிலேயே சுற்றுமுற்றும் பார்த்தேன். மண்டபத்தில் கணிசமான பேர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த முதல் தைரியம் அது.

கடைசியில் கேள்வி நேரம். தமிழ்நாட்டில் புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மைக் கைக்கு வந்ததும் ஒருவர் எழுந்து, "எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பித்துத் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி உட்காருவார். மொழி மட்டும் இங்கே ஆங்கிலம். மேடையில் இருப்பவர், "நல்ல கேள்வி" என்பார்.

எனக்குப் புரிந்தது எவ்வளவு என்று கேட்டால், மதியச் சாப்பாட்டு வரிசையில் புரிந்ததுதான் அதிகம். பேசுகிறவர்களின் வீடியோ எப்படியும் யூடியூப்பில் வந்துவிடும். வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிறவர் வர மாட்டார். எனக்கு முன்னால் நின்றவர் வெள்ளைத் தாடிக்காரர், பெங்களூரில் வேலை, சொந்த ஊர் கும்பகோணம். ரூம்மேட் அவரிடம் பென்சிலால் பந்து வரைந்த கதையைச் சொன்னான். அவர் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. பக்கத்தில் இருந்த நாலு பேரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். வரிசை சாம்பார் சாதத்தை நோக்கி மெல்ல நகர, அவர் பதிலுக்கு ஒரு கதை சொன்னார்.

பைத்தானை உருவாக்கியவர் குய்டோ வான் ராஸம் என்ற டச்சுக்காரர். அவருக்கு அந்தச் சமூகத்தார் அன்பாகக் கொடுத்திருந்த பட்டம், 'கருணையுள்ள ஆயுட்கால சர்வாதிகாரி'. மொழியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் கடைசி வார்த்தை அவருடையது. இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே நடந்தது. பிறகு ஒரு புதுக் குறியீடு வந்தது: முக்காற்புள்ளி, அதை ஒட்டி ஒரு சமக்குறி. தலையைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு கண்ணும் இரண்டு தந்தமும் தெரிகிறதாம். அதனால் வால்ரஸ் என்று செல்லப்பெயர். ஒரு வரியில் முடிகிற வேலைக்கு இரண்டு வரி எழுத வேண்டாம் என்பது அதன் பயன். அதற்கு நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. படிக்கிறவனுக்குக் குழப்பம் என்று ஒரு கட்சி, எழுதுகிறவனுக்குச் சுகம் என்று ஒரு கட்சி. குய்டோ சுகக் கட்சிக்குத் தீர்ப்புச் சொன்னார். ஜெயித்தார். ஜெயித்த கையோடு, ஒரு சின்ன விஷயத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டி இத்தனை பேரிடம் வெறுப்பைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறதே என்று நொந்து, 2018 ஜூலையில் சர்வாதிகாரிப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

"யோசிச்சுப் பாருங்க தம்பி, ஒரு நிறுத்தற்குறிக்காக ராஜினாமா பண்ணின சர்வாதிகாரி உலகத்துல வேற எவனாவது உண்டா?" என்றார் தாடிக்காரர்.

"அதே வருஷம் மார்ச்ல சைனால என்ன பண்ணாங்க தெரியுமா சார்?" என்று டாப்பர் ஆரம்பித்தான். போட்டித் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறவன் அவன். சீன அதிபர் பதவியில் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது 2018 மார்ச்சில். அந்த நீக்கத்தால் பயனடைந்தவர் அந்த நேரம் எங்களிடமிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் கோவளத்தில் இருந்தார். நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். வாசலில் காக்கிச் சட்டைகள் இருந்தார்கள்.

"அப்புறம் யாரு சார் நடத்துறா?"

"தேர்தல் வெச்சாங்க. அஞ்சு பேர் கொண்ட குழு. 2019 ஆரம்பத்துல ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க."

"ஜெயிச்சது யாரு?"

"நாலு பேரும், குய்டோவும்."

ராஜினாமா செய்தவரே தேர்தலில் நின்று திரும்பி வந்துவிட்டார் என்றதும் எங்கள் மூன்று பேருக்கும் அந்த மொழி ரொம்ப நெருக்கமாகிவிட்டது. நம் ஊரில் நடக்காததா?

சாப்பாடு பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் ராத்திரி மாமல்லபுரத்து விருந்தில் அரைத்துவிட்ட சாம்பார், தக்காளி ரசம், கடலைக் குருமா, கவுனி அரிசி அல்வா என்று பட்டியலை எல்லாப் பேப்பரிலும் போட்டிருந்தார்கள். எங்களுக்குச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும். ஆனால் எங்கள் பந்தியில் இரண்டாவது தடவை போய் நிற்கலாம். யாரும் படம் எடுக்கவில்லை. ரூம்மேட் மூன்றாவது தடவையும் நின்றான்.

தட்டோடு நிற்கும்போது அப்பா போன். "எங்கடா இருக்க? டிவியில கெளம்பிட்டாருன்னு காட்டுறான். ஒன்னயத்தான் தேடுறேன், காணும்." நான் வேறு மாநாடு என்று விளக்கினேன். "தெரியும்யா, எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுல தேடுறாங்க. அதுக்குக் கேட்டேன்" என்றார். அதற்குள் அவர் மனம் வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. பிரதமர் சீன அதிபருக்குப் பட்டு ஒன்று கொடுத்திருக்கிறார். சிறுமுகை நெசவாளர்கள் நெய்தது, அதில் ஷி ஜின்பிங்கின் முகமே இருக்கிறது. "மூஞ்சியவே நெஞ்சிட்டான்யா! அந்தக் கன்னத்து மேடு வரணும்னா அட்டையில எத்தன ஓட்டை குத்தணும் தெரியுமா?" அப்பாவுக்குச் சீனாவும் தெரியாது, பைத்தானும் தெரியாது. ஜக்கார்டுத் தறி தெரியும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், இல்லாவிட்டால் நிற்கும். எந்த இழை எழும்ப வேண்டும், எது தங்க வேண்டும் என்பது அந்த ஓட்டையில் எழுதியிருக்கிறது. 1800களின் ஆரம்பத்தில் பிரான்சில் வந்த இந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்கும் அட்டை வைக்கலாம் என்று திட்டம் போட்டார். ஆக எங்கள் வீட்டில் நிரல் ஓட்டிய முதல் ஆள் நான் இல்லை. அப்பாவின் நிரல் எல்லாம் ஓடியது, சேலையாகி விற்கவும் விற்றது. நான்தான் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன்.

ராத்திரி வேளச்சேரியில் ஒரு சீனியர் அண்ணன் அறையில் படுக்கை. ஒரே அறையில் எத்தனை பேர் என்று எண்ண முயன்றேன், இருட்டில் முடியவில்லை. "இதுக்கா அருப்புக்கோட்டையிலருந்து கெளம்பி வந்தீங்க? எல்லாம் வீடியோவா வரும்டா, ஒன்றரை மடங்கு வேகத்துல பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். ஐ.டி.யில் மூன்று வருஷம் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கும் போல.

ஞாயிற்றுக்கிழமை சென்னை தெளிந்திருந்தது. ஷி ஜின்பிங் சனிக்கிழமை மதியமே நேபாளத்துக்குப் பறந்துவிட்டார். மிச்சமிருந்த ஒரே மாநாடு எங்களுடையது. அன்றைக்குச் சிறப்புரை டேவிட் பீஸ்லி. சிகாகோக்காரர், பைத்தானைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர். மேடைக்கு வந்தவர் திரையில் படம் எதுவும் போடவில்லை. காலியான ஒரு கோப்பைத் திறந்தார். தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். ஆயிரம் கண் பார்க்கும்போது நிரல் எழுதுவதென்றால் என்ன என்று, வைவாவில் எக்ஸ்டர்னல் பின்னால் வந்து நிற்கும்போது விரல் மரத்துப்போனவர்களுக்குத் தெரியும்.

முதலில் அவர் ஒரு 'ஸ்டாக் மெஷின்' எழுதினார். மெஸ்ஸில் கழுவி அடுக்கிய தட்டு மாதிரிதான்: கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். இரண்டு எண்ணை வை, எடு, கூட்டு, விடையை மேலே வை. இது எனக்குப் புரிந்தது. புரிகிறதே என்று சந்தேகம் வந்து பக்கத்தில் பார்த்தேன். ரூம்மேட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தட்டு என்றதும் அவனுக்கும் பிடிபட்டிருக்கும். பீஸ்லி நிற்கவில்லை. பெருக்கல் சேர்த்தார், நினைவகம் சேர்த்தார், செயல்கூறுகளைச் சேர்த்தார், 'இருந்தால் இப்படிப் போ, இல்லாவிட்டால் அப்படிப் போ' சேர்த்தார். பேசிக்கொண்டே தட்டினார், தட்டிக்கொண்டே சிரிக்கவைத்தார். நடுவில் ஓர் இடத்தில், இவ்வளவு நேரம் தான் கட்டிக்கொண்டிருந்தது உலாவிகளுக்குள் ஓடும் வெப்அசெம்பிளி என்ற பொறியின் ஒரு வடிவம் என்று போட்டு உடைத்தார். அதற்கப்புறம் ரஸ்ட் என்ற இன்னொரு மொழியில் யாரோ எழுதி வைத்திருந்த ஒரு ராக்கெட் விளையாட்டை எடுத்து, கண்ணெதிரே எழுதிய அந்த நிரலுக்குள் செலுத்தினார்.

திரையில் ராக்கெட் ஓடியது. சுட்டது.

மண்டபமே எழுந்து தட்டியது. நானும் எழுந்து தட்டினேன். இந்தத் தடவை கை தோள் உயரத்தோடு நிற்கவில்லை. வெறும் கோப்பிலிருந்து ஆரம்பித்து ஒரே உரைக்குள் ஒரு மனிதர் ராக்கெட்டை ஓடவிட்டார். நாங்கள் ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு பந்தைத் துள்ளவிட முடியாமல் நிழல் போட்டுக் கையெழுத்து வாங்கினோம். ரூம்மேட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் 'மின்னல் பேச்சு' என்று வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறி ஐந்து நிமிஷம் பேசலாம். பென்சில் பந்தைப் பற்றிப் பேசியே தீருவேன் என்று ஓடினான். பட்டியல் நிறைந்திருந்தது. நல்லவேளை என்று நானும் டாப்பரும் மூச்சுவிட்டோம். ஆனாலும் மெக்கானிக்கல் படிக்கிற பையனும் பெயர் கொடுக்கப் போகலாம் என்று ஒரு மாநாடு விட்டுவைத்திருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கோவளத்தில் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்க மாட்டார்கள்.

ஊர் திரும்பியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீக்கடையில் என்னைச் சுற்றி நாலு பேர். "ஆள் எப்பிடி, நேர்ல உயரமா?" என்று கேட்டார்கள். பீஸ்லியைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு, "நல்ல உயரம்ண்ணே" என்றேன். செமினாரும் எடுத்தேன். ஸ்டாக்கை விளக்க மெஸ் தட்டை அடுக்கியே காட்டினேன். கேள்வி நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "கேள்வி இல்ல, ஒரு கருத்து. ஸ்டிக்கர் மிச்சமிருந்தா குடுக்கணும்" என்றான். எச்.ஓ.டி. கைதட்டினார். ஆனால் மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு நேரே வெட்டு இருந்தது. சிவப்பு மையில் எழுதிய அந்தக் காகிதம் எந்த ஃபைலுக்குள் போனது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

வால்ரஸ் குறியீட்டோடு பைத்தான் 3.8 வெளிவந்தது அக்டோபர் 14, திங்கட்கிழமை. மாநாட்டு மண்டபத்தில் நாங்கள் கைதட்டியதற்கு மறுநாள். அந்த ராக்கெட் உரை இப்போதும் யூடியூப்பில் இருக்கிறது, ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்காதீர்கள், தட்டுகள் சரிந்துவிடும். சென்னையில் இருக்கிறவர்கள் வருஷாந்தர மாநாட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சென்னைப்பை என்ற குழு மாதம் ஒருமுறை, நான்காவது சனிக்கிழமை கூடுகிறது. சிவில்காரர்களும் போகலாம். உங்கள் கல்லூரிக்கும் சனிக்கிழமை உண்டென்றால், ஓ.டி. கடிதத்தை மட்டும் இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.